கணக்குப்பிள்ளை பதில்கள்: கிணறு காவு கேட்குமா?

(ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர் ஒருவர் வாசகர்களின் ஊர்க் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பகுதி. வயலிலும் கிணற்றிலும் அற்பாயுசில் போன அந்தக் காலத்துச் சம்சாரிகளை, அதாவது விவசாயிகளைப் பற்றி வந்த கடிதங்கள் இந்த இதழில்.)

எங்கள் தாத்தாவின் அண்ணன் 1961 கோடையில் கிணற்றுக்குள் இறந்துபோனார். வயது 24, கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகவில்லை. ஓடிக்கொண்டிருந்த இன்ஜினை நிறுத்தக் கிணற்றுக்குள் இறங்கியவர் திரும்பவில்லை. அவரைத் தூக்கப் போன பக்கத்துத் தோட்டத்துக்காரரும் உள்ளேயே சாய்ந்துவிட்டார். உடம்பில் ஒரு கீறல் இல்லை, முகம் சிவந்து தூங்குகிற மாதிரி இருந்ததாம். கிணற்று முனி அடித்தது என்று சொல்லி அந்தக் கிணற்றையே தூர்த்துவிட்டார்கள். இப்படியெல்லாம் நடக்குமா? – வாசகி, சாத்தூர்

நடந்திருக்கிறதே, அம்மா. ஆனால் முனியைத் தேட வேண்டியதில்லை. கோடை, ஓடிக்கொண்டிருந்த இன்ஜின், சிவந்த முகம் என்று மூன்றையும் நீங்களே எழுதிவிட்டீர்கள்.

பம்பு தண்ணீரை உறிஞ்சுவதற்கு ஒரு எல்லை உண்டு. எத்தனை குதிரைசக்தி இன்ஜின் வாங்கினாலும் சரி, கணக்குப்படி 34 அடிக்குக் கீழே இருக்கிற தண்ணீரை மேலே இருந்து உறிஞ்ச முடியாது. நடைமுறையில் 20, 25 அடி வந்தாலே பெரிது. மழைக்காலத்தில் கிணற்று மேட்டில் உட்கார்ந்து இறைத்த இன்ஜின், சித்திரை வைகாசியில் தண்ணீர் கீழே போனதும் வெறும் காற்றை இழுக்கும். அப்போது சம்சாரி என்ன செய்வான்? பயிர் காய்கிறது. இன்ஜினையே கிணற்றுக்குள் இறக்குவான். பாதி ஆழத்தில் பாறையை வெட்டித் திட்டு அமைத்து, இல்லாவிட்டால் பலகைப் பரண் கட்டி, அதில் இன்ஜினை உட்காரவைப்பார்கள். எங்கள் கரிசல் பக்கம் அந்த நாளில் அப்படி எத்தனையோ கிணறுகள் இருந்தன.

புகைக்குழாயைக் கிணற்றுக்கு மேலே கொண்டுவந்து விட்டவர்களுக்கு ஆபத்து குறைவு. குழாய்க்குக் காசு இல்லாதவர்கள், குழாய் இணைப்பு விட்டுப்போனதைக் கவனிக்காதவர்கள் கதை வேறு. அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற வாயு இருக்கிறது. நிறம் கிடையாது, மணம் கிடையாது. ரத்தத்தில் பிராணவாயு உட்கார வேண்டிய இடத்தை, அதைவிட இருநூறு மடங்குக்கு மேல் பலமாகப் பிடித்துக்கொண்டு விடாது. தலை சுற்றும், கால் துவளும், அவ்வளவுதான். கூப்பிடக்கூடத் தெம்பு இருக்காது. இந்த வாயுவால் இறந்தவரின் ரத்தம் பளிச்சென்ற சிவப்பாக மாறும். முகம் உயிருள்ளவர் முகம்போல் இருக்கும். காயமும் இல்லை, நீலமும் பாரிக்கவில்லை, ஆள் மட்டும் இல்லை என்றால் ஊர் முனி என்று சொல்லாமல் வேறென்ன சொல்லும்?

இதில் இன்னொன்றும் இருக்கிறது. நம் முன்னோர் கிணற்றுக் காற்றைப் பற்றித் தெரியாதவர்கள் அல்ல. தூர் வாரும் முன் அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்குவார்கள். விளக்கு அணைந்தால் ஆள் இறங்கமாட்டான். வேப்பங்குழையைப் பெரிய கட்டாகக் கட்டி, கிணற்றுக்குள் பலமுறை ஏற்றி இறக்கி, உள்ளே அடைந்து கிடக்கும் கெட்ட காற்றைக் கலக்கிவிடுவார்கள். தானியம் சேமிக்கும் சோளக்குழியைத் திறந்தாலும் உடனே உள்ளே குதிக்கமாட்டார்கள், ஒரு நாள் ஆறவிடுவார்கள். அதெல்லாம் பிராணவாயு குறைந்த காற்றுக்குச் சரியான சோதனைதான். ஆனால் இன்ஜின் புகை நிறைந்த கிணற்றில் விளக்கு அணையாமல் எரியும், ஆள் விழுவான். பழைய சோதனைக்குப் புது விஷம் பிடிபடவில்லை. இன்ஜின் விற்றவர்கள் எண்ணெய் எப்படி ஊற்றுவது என்று சொல்லிக்கொடுத்த அக்கறையில் பாதியை இதற்குக் காட்டியிருக்கலாம்.

அந்தப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் பெயரும் உங்கள் வீட்டில் யாருக்காவது நினைவிருக்கிறதா? பதறி ஓடிவந்து மூச்சிரைக்க இறங்குகிறவன் முதல் ஆளைவிட வேகமாக விழுவான். இன்றைக்குக் கழிவுநீர்த் தொட்டிகளில் ஒருவர் பின் ஒருவராக இறப்பதும் இதே கணக்குதான், வாயு மட்டும் வேறு. மூக்கில் ஈரத்துண்டு கட்டிக்கொண்டு இறங்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கிணற்றைத் தூர்த்ததுதான் வீண் நஷ்டம்.

'கமலையில் வடம் அறுந்து செத்தான்' என்று என் கொள்ளுத்தாத்தாவைப் பற்றிச் சொல்கிறார்கள். கயிறு அறுந்தால் ஆள் எப்படிச் சாவார்? – வாசகர், ஒட்டன்சத்திரம்

மாடு கட்டித் தண்ணீர் இறைக்கும் கமலையைக் கண்ணால் பார்க்காத தலைமுறை, கேட்கத்தான் செய்யும். உங்கள் பக்கம் கவலை என்றும் சொல்வார்கள்.

கிணற்று மேட்டிலிருந்து சரிவாக ஒரு வாரி இறங்கும். இரண்டு மாடுகள் அதில் கீழ்நோக்கி நடக்க, உருளை மேல் ஓடும் வடம், தண்ணீர் மொள்ளும் கூனையை மேலே இழுக்கும். கூனை நிறையத் தண்ணீர் என்றால் மாட்டுக்கே முக்கல் வரும். அதனால் ஓட்டுகிறவர் சும்மா பின்னால் நடக்கமாட்டார். மாடு இறங்கும்போது வடத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்வார், தன் பாரத்தையும் சேர்த்து இழுப்புக்குக் கொடுப்பார். கையில் வால்கயிறு. பார்க்க ஊஞ்சல் மாதிரி ஜோராக இருக்கும்.

அந்த நேரத்தில் வடம் அறுந்தால்? பாரம் சட்டென்று இல்லாமல் போய் மாடுகள் முன்னால் முட்டிபோட்டு விழும். சரிவில் ஓட்டுகிறவரும் அவற்றின் பின்னங்கால்களுக்கு நடுவில் போய் விழுவார். மிரண்ட மாடு எழுந்திருக்கும்போது எங்கே மிதிக்கும் என்று சொல்ல முடியாது. கூனை கிணற்றுக்குள் போகும், கீழே ஆள் நின்றால் அவன் தலையிலும் விழும். வடம் இற்றுப்போயிருப்பது வெளியே அவ்வளவாகத் தெரியாது. திரும்பத் திரும்ப உருளையில் உரசுகிற இடத்தில் உட்புரி நைந்திருக்கும். தை அறுப்பு வரைக்கும் தாங்கட்டும், பிறகு புது வடம் வாங்கலாம் என்று ஓட்டிய வீடுகளில்தான் இது அதிகம் நடந்திருக்கும்.

உண்மையில் எனக்கு வடத்தைவிடப் பயம், மாடுகள் பின்நடையாக மேடு ஏறும்போதுதான். கூனை கீழே போக வேண்டுமானால் மாடுகள் முதுகு காட்டிக் கிணற்றை நோக்கிப் பின்னால் வர வேண்டும். கமலை போட்ட பக்கம் சுற்றுச்சுவர் இருக்காது. விடியற்காலை மூன்று மணிக்கு, தூக்கக் கலக்கத்தில், புதிதாகப் பழக்கிய மாட்டோடு ஓட்டுகிறவன் ஒரு அதட்டல் தவறவிட்டால், மாடும் வடமும் அவனும் சேர்ந்தே உள்ளே. எங்கள் ஊரில் தடுப்புக்கு ஒரு கல் நட்டிருப்பார்கள். அந்தக் கல் ஆடினால் பெரியவர் ஒருவர் வந்து பார்க்கும்வரை இறைப்பு கிடையாது.

ஏற்றம் மிதிப்பதிலும் இதே கதைதான். ஆளே ஏற்ற மரத்தின் மேல் முன்னும் பின்னும் நடக்க வேண்டும், கால் வழுக்கினால் கிணறு.

எங்கள் பாட்டனார் உழும்போது கொழு காலில் குத்தி, எட்டாம் நாள் வாய் திறக்க முடியாமல், உடம்பு வில்லாக வளைந்து இறந்தார். வயது 26. பங்காளி வீட்டார் எட்டிக்காயை அரைத்துக் கொழுவில் தடவிவிட்டார்கள் என்று இன்றுவரை இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. கல்யாணப் பத்திரிகைகூட வைப்பதில்லை. உங்கள் கருத்து? – வாசகர், பரமக்குடி

எட்டிக்காயைச் சந்தேகப்பட்டவர் ஒன்றும் முட்டாள் இல்லை. எட்டிக்கொட்டையின் விஷம் உடம்பை இதே மாதிரி முறுக்கி வளைக்கும். ஆனால் அது வேலையைக் காட்ட எட்டு நாள் எடுத்துக்கொள்ளாது, சில மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். எட்டு நாள் பொறுத்து, முதலில் தாடை கட்டிக்கொண்டு, பிறகு கழுத்து விறைத்து, கடைசியில் முதுகு வளைவது ரணஜன்னி. ஆங்கில வைத்தியத்தில் டெட்டனஸ். காயம் பட்ட மூன்றாம் நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் வரும், எட்டு பத்து நாளில் வருவது ரொம்பச் சகஜம்.

அந்தக் கிருமி இருக்கும் இடம் மண்ணும் சாணமும். மாடு நடந்த வயலில், மண்ணுக்குள் போய்வரும் இரும்பு முனை ஆழமாகக் குத்தினால் அதைவிட அதற்குத் தோதான வாசல் கிடையாது. ஆழமான, குறுகிய காயத்துக்குள் காற்று போகாது. காற்றில்லாத இடத்தில்தான் அது பெருகும். அதற்குமேல் ரத்தம் நிற்கட்டும் என்று நம்மவர்கள் சாணத்தையோ புழுதியையோ அப்பிவிடுவார்கள். யார் அப்பினார்கள் என்று இப்போது விசாரிக்கப் போகாதீர்கள், அன்பாகத்தான் அப்பியிருப்பார்கள்.

இந்தக் கிருமியை 1889லேயே ஆய்வுக்கூடத்தில் தனியாகப் பிரித்துக் காட்டிவிட்டார் ஜப்பானியரான கிடசாட்டோ. தடுப்பூசி 1920களில் வந்தது. அது உழுகிற ஆளின் கைக்கு வந்துசேர இன்னும் ஒரு தலைமுறை ஆயிற்று. அந்த இடைவெளியில் போனவர்களில் உங்கள் பாட்டனாரும் ஒருவர்.

பங்காளி வீட்டுக்குப் பத்திரிகை வையுங்கள். வரப்புத் தகராறு இருந்தால் அது தனி, அதை இதோடு முடிச்சுப் போட வேண்டாம்.

இடி விழுந்து இறந்த என் மாமாவின் தோளில் மண்வெட்டி இருந்தது. இரும்புதான் இடியை இழுத்ததா? – வாசகர், மணப்பாறை

இல்லை. வெட்டவெளி வயலில் அவர்தான் உயரமாக நின்றிருப்பார், இல்லாவிட்டால் ஒற்றை மரத்தடியில் ஒதுங்கியிருப்பார். மண்வெட்டியைக் கீழே போட்டிருந்தாலும் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது.

எங்கள் காட்டில் ஒரு பழைய கல் இருக்கிறது. ஒருவன் ஈட்டியால் புலியைக் குத்துவதுபோலச் சிற்பம். மாடு மேய்க்கப் போய்ப் புலி அடித்த எங்கள் முன்னோர் என்கிறார்கள். அப்படியானால் கிணற்றில் இறந்த என் சித்தப்பாவுக்கு ஏன் கல் இல்லை? – வாசகி, தாராபுரம்

கடைசிக் கேள்வி நல்ல கேள்வி.

உங்களிடம் இருப்பது புலிகுத்திக் கல். கொங்கு நாட்டில் பல ஊர்களில் உண்டு. பட்டியையும் பயிரையும் காக்கப் போய்ப் புலியோடும் காட்டுப்பன்றியோடும் மோதி இறந்தவர்களுக்கு ஊர் எடுத்த கற்கள் இவை. இறந்தவருக்குக் கல் நடும் பழக்கம் நம்மிடம் மிகப் பழையது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006ல் கிடைத்த தமிழி எழுத்துக் கல் ஒன்று, கூடல் ஊரில் மாடுகளைக் கவர நடந்த ஆநிரைப் பூசலில் இறந்த ஒருவனுக்கு எடுத்தது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில், பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்துக் கல் ஒன்றில், எருமைகளைக் காக்கப் போய் இறந்தவனோடு அவன் நாயும் நிற்கிறது. நாயின் பெயர் கோவிவன். இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றதாம். இறந்த மனிதனின் பேர் மறந்தாலும் அந்த நாயின் பேர் எனக்கு மறப்பதில்லை.

கவனித்தீர்களா? கல் கிடைத்தவர்கள் எல்லோரும் எதையோ எதிர்த்து நின்றவர்கள். ஊர்ச்சொத்தைக் காத்ததற்கு ஊர் கொடுத்த மரியாதை அது. தன் கிணற்றில் தன் பயிருக்குத் தண்ணீர் இறைத்துச் செத்தவன் ஊருக்கு வீரன் ஆவதில்லை, வீட்டுக்கு மட்டும் சாமி ஆகிறான். வருஷத்துக்கு ஒருமுறை புது வேட்டி துண்டு வைத்து, அவனுக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைத்து, சின்னப் பிள்ளைக்கு அவன் பேரை விட்டுக் கும்பிடுவார்கள். உங்கள் சித்தப்பாவுக்கும் ஒரு பெட்டியில் வேட்டி இருக்கும், அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். எனக்கென்னவோ இரண்டு சாவுக்கும் நடுவில் அவ்வளவு தூரம் இருப்பதாகத் தோன்றவில்லை. பயிரைக் காக்கத்தானே இருவரும் போனார்கள்?

கல்லுக்கு பெயின்ட் அடிக்காதீர்கள், இடம் மாற்றாதீர்கள். எழுத்து ஏதாவது தெரிந்தால் தொல்லியல் துறைக்கு ஒரு கடிதம் போடுங்கள்.

என் பூட்டி 1938ல், 19 வயதில் தாலி அறுத்தாள். புருஷன் மாடு முட்டி இறந்தார். அண்ணன் தம்பி நான்கு பேர், பாகம் பிரியாத குடும்பம், 12 ஏக்கர் நஞ்சை. பூட்டிக்கு அப்போது பிள்ளை இல்லை. ஒரு குழி நிலம்கூடத் தராமல் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், பிறகு வேறு இடத்தில் கட்டிக்கொடுத்து நாங்கள் வந்தோம். அன்றைக்குச் சட்டமே இல்லையா? இப்போது வழக்குப் போட முடியுமா? – வாசகி, கும்பகோணம்

முதலில் இரண்டாவது கேள்வி. முடியாது. யாராவது முடியும் என்று சொல்லி முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

இப்போது முதல் கேள்வி. சட்டம் இருந்தது, அதுதான் வயிற்றெரிச்சல். 1937 வரைக்கும் நிலைமை இது: கூட்டுக்குடும்பத்தில் ஆண் வாரிசு இல்லாமல் ஒருவன் செத்தால் அவன் பங்கு மிச்சமிருக்கும் சகோதரர்களோடு சேர்ந்துவிடும். விதவைக்குச் சோறு, துணி, இருக்க இடம். அவ்வளவுதான். வயிற்றில் ஆண் பிள்ளை இருந்திருந்தால்கூடக் கதை மாறியிருக்கும், பிறந்ததும் அப்பன் பங்கு அவனுடையது.

1937ல் இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டம் வந்தது. புருஷனின் பங்கு விதவைக்கு, அவள் ஆயுசு வரைக்கும். விற்கக் கொள்ள முழு அதிகாரம் கிடையாது, இருந்தாலும் பங்கு பங்குதான், பாகம் பிரிக்கச் சொல்லிக் கேட்கலாம். உங்கள் பூட்டியின் புருஷன் இறந்தது அதற்கு அடுத்த வருஷம். அப்படியானால் கிடைத்திருக்க வேண்டுமே என்பீர்கள். விவசாய நிலத்தைப் பற்றிச் சட்டம் போட மத்திய சட்டசபைக்கு அதிகாரம் இல்லை, அது மாகாணத்தின் விஷயம் என்று 1941ல் பெடரல் கோர்ட் சொல்லிவிட்டது. வீடு, நகை, ரொக்கம் என்றால் சட்டம் செல்லும். நஞ்சை புஞ்சை என்றால் செல்லாது. சம்சாரி வீட்டில் நிலத்தைத் தவிர என்ன சொத்து இருந்தது? சென்னை மாகாணம் அதை விவசாய நிலத்துக்கும் நீட்டிச் சட்டம் போட்டது 1947ல். 1938ல் இறந்தவரின் பங்கு அதற்குள் கைமாறி எப்போதோ போய்விட்டது.

மறுமணம் செய்துகொண்டது இன்னொரு கதவையும் மூடியது. 1856ன் விதவை மறுமணச் சட்டம் மறுமணத்தைச் செல்லும் என்றது, கூடவே முதல் புருஷன் வழியில் வந்த உரிமை போய்விடும் என்றும் சொன்னது. இன்னும் ஒன்று. ஜீவனாம்சத்துக்கென்று ஒரு துண்டு நிலத்தை எழுதிவைத்து, அது 1956 வரை அவள் அனுபவத்திலேயே இருந்திருந்தால், அந்த வருஷத்து வாரிசுரிமைச் சட்டப்படி அது அவளுக்கே முழுச் சொந்தமாகியிருக்கும். பல குடும்பங்கள் நெல்லாக அளந்தார்களே தவிர நிலமாகக் கொடுக்கவில்லை. எங்கள் ஊரில் ஒரு கிழவி, புருஷன் செத்து நாற்பது வருஷத்துக்குப் பிறகும் அறுப்புக் களத்தின் ஓரத்தில் சாக்கோடு நிற்பாள். களத்தில் அளந்த நெல்லில் அவளுக்கு எத்தனை மரக்கால் என்று என் அப்பாவைத்தான் கேட்பார்கள். அவர் சொல்வதற்குள் கொழுந்தன் மகன் முகம் போகிற போக்கு இருக்கிறதே!

உங்கள் பூட்டியைப் பிறந்த வீட்டார் அழைத்துப்போய் வேறு இடத்தில் கட்டிக்கொடுத்தார்கள். அந்த வகையில் அவர் கொடுத்துவைத்தவர்.

1930களில் வண்டி குடைசாய்ந்து இறந்த எங்கள் பெரிய தாத்தாவின் சரியான இறந்த தேதி வேண்டும். திதி கொடுக்கவும், குடும்ப வரலாறு எழுதவும். எங்கே தேடுவது? – வாசகர், சிவகாசி

அப்போது பிறப்பு இறப்புப் பதிவை ஊரில் கிராம முன்சீப் வைத்திருந்தார். 1899ன் சென்னைச் சட்டப்படி எழுதியது. பரம்பரைக் கிராம அதிகாரிகளை அரசு நீக்கியது 1980 நவம்பரில், அதன் பிறகுதான் எங்களைப் போன்ற ஆட்கள். பழைய பதிவேடுகளை முதலில் உங்கள் பகுதியின் சார்பதிவாளர் அலுவலகத்தில் கேளுங்கள், அடுத்தது தாலுகா அலுவலகம். கரையான் தின்றது போக மிச்சம் இருக்கும்.

பதிவு கிடைத்தால் இறப்புக் காரணத்தில் 'காய்ச்சல்' என்று இருக்கலாம். ஆள் மாறிவிட்டதோ என்று திகைக்க வேண்டாம். விபத்து என்று எழுதினால் போலீஸ் வரும், பஞ்சாயத்தார் முன்னால் பிரேத விசாரணை நடக்கும், உடம்பை அறுக்க டவுனுக்குத் தூக்கிப்போவார்கள். அதற்குப் பயந்து வீட்டார் கெஞ்சுவார்கள். முன்சீப் சொல்ல என் அப்பா அப்படி எழுதியதை நான் பார்த்திருக்கிறேன். நல்ல திடகாத்திரமான இளவட்டம் ஒரே நாள் காய்ச்சலில் போனதாகப் பதிவு இருந்தால் நான் நம்பமாட்டேன்.

பதிவேடு கிடைக்காவிட்டால் நிலத்தைப் பிடியுங்கள். அவர் பேரில் பட்டா இருந்திருந்தால் எந்த வருஷம் பேர் மாறியது என்று பாருங்கள், பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவாகியிருந்தால் அதில் 'காலஞ்சென்ற' என்று அவர் பேர் வரும். அந்த வருஷத்துக்கு முந்தைய இரண்டு மூன்று வருஷப் பதிவேடுகளை மட்டும் புரட்டினால் போதும். திதிக்கு இன்னொரு வழி, அவருக்குப் பிறகு பிறந்த பிள்ளையின் ஜாதகம். 'பெரியப்பா செத்து இத்தனையாம் மாதம் பிறந்தவன்' என்று கிழவிகள் கணக்கு வைத்திருப்பார்கள்.

மனுவில் விருதுநகர் மாவட்டம் என்று மட்டும் எழுதாதீர்கள். 1985 வரை நீங்கள் ராமநாதபுரம் ஜில்லா. அந்தக் காலத்து ஜில்லா, தாலுகா, வருவாய்க் கிராமத்தின் பேர் மூன்றையும் பழைய பத்திரத்தைப் பார்த்து அப்படியே எழுதிக் கொடுங்கள். இல்லையென்றால் 'பதிவு இல்லை' என்று ஒரே வாரத்தில் பதில் வந்துவிடும்.